சீயக்காய் டப்பா

அந்தச் சேர்ல இருக்கிற பையைக் கொஞ்சம் கீழ வச்சுக்கிறீங்களாம்மா? நிக்க முடியல. கப்பலை விட்டு இறங்கி அரை மணி நேரம் ஆச்சு, இன்னும் தரை ஆடுற மாதிரியே இருக்கு. ரொம்ப சந்தோஷம்மா.

நீங்களும் பிடிச்சு வச்ச சாமானை வாங்கத்தான் உக்காந்திருக்கீங்களா? உங்க நம்பர் என்ன? எனக்கு முப்பத்தொம்போது. இப்பத்தான் பதினாலு கூப்பிட்டிருக்காங்க. உங்ககிட்ட என்னத்தை வாங்கி வச்சாங்க? முடியைச் சுருட்டுற மிஷினா? அது சூடாகுற சாமான், அதை விட மாட்டாங்கதான். அயர்ன் பாக்ஸ், முடியைக் காய வைக்கிறது, நீட்டுறது, சுருட்டுறது, நாலு பிளக் சொருகுற பெட்டி, எதையும் ரூமுக்குள்ள விட மாட்டாங்களாம். நடுக்கடல்ல தீப்பிடிச்சா எங்க ஓடுறதுன்னு கேக்குறாங்க. நியாயமான பேச்சுதான்.

என்கிட்ட என்னத்தை எடுத்தாங்கன்னா கேக்குறீங்க? சீயக்காய்த்தூள். சிரிக்காதீங்கம்மா. ஒரு எவர்சில்வர் டப்பா நிறைய சீயக்காய்த்தூள். நாலு நாளா அந்த டப்பாவை நினைச்சு நினைச்சு எனக்கு ஒரு வாய் சோறு இறங்கல. கடலைப் பாத்தியா, இலங்கையைப் பாத்தியான்னு ஊருக்குப் போனா கேப்பாங்க. நான் என்னத்தைப் பாத்தேன்? சன்னல் இல்லாத ரூமுக்குள்ள நாலு செவுத்தைப் பாத்தேன்.

எங்க வீட்டுக்காரர் வேன் வந்திடுச்சான்னு பாக்கப் போயிருக்காரு. பெட்டி ரெண்டையும் என் காலடியில வச்சுட்டு, இங்கயே உக்காரு, எங்கயும் நகராதன்னு சொல்லிட்டுப் போனாரு. அவரு திரும்பி வர்றதுக்குள்ள டப்பா என் கைக்கு வந்து, பெட்டிக்குள்ளயும் போயிடணும். அது ஒண்ணுதான் இப்ப எனக்கு வேணும்.

சொல்லிடவா? உங்களை நான் இனிமே பாக்கப் போறது கிடையாது. நீங்க மெட்ராஸ், நான் அருப்புக்கோட்டை. இருபத்தோரு வருஷமா ஒரு ஈ காக்காய்கிட்டச் சொன்னதில்ல. இப்பச் சொல்லலேன்னா நெஞ்சு வெடிச்சிடும் போல இருக்கு. கொஞ்சம் இந்தப் பக்கம் சாஞ்சுக்கோங்க.

எனக்கு நாடியில முடி முளைக்கும்மா.

ரெண்டு முடி, மூணு முடி இல்ல. நாடியில, தாடைக்குக் கீழ, இந்தா இந்த ஓரம் முழுக்க. பையன் பிறந்து நாலாம் வருஷம் ஆரம்பிச்சது. முதல்ல நூலை வச்சுப் பிடுங்கினேன். அப்புறம் பிளக்கர். அப்புறம் கண்ணு சரியாத் தெரியாமப் போச்சு. பத்து வருஷத்துக்கு முன்னாடி மதுரைக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனப்ப, வேரோட பிடுங்குற கரண்டு மிஷின் ஒண்ணை வாங்கிட்டு வந்தேன். பொண்ணுக்குன்னு கடைக்காரன்கிட்டச் சொன்னேன். எனக்கு ஒரே பையன், பொண்ணே கிடையாது.

ஏன் மறைக்கணும்னு நீங்க கேப்பீங்க. உங்க வயசுக்காரங்க பார்லருக்குப் போயி கால் மேல கால் போட்டு உக்காந்து எடுத்துக்கிறீங்க. எங்க ஊருல அப்படி இல்லம்மா. எங்க அம்மாவோட கூடப் பிறந்த சித்தி ஒருத்திக்கு இதே மாதிரிதான். கல்யாணமாகி ஒரே வருஷம், கட்டினவன் கொண்டாந்து வாசல்ல விட்டுட்டுப் போயிட்டான். ஒரு ஆம்பளையோட இன்னொரு ஆம்பளை எப்படிக் குடும்பம் நடத்துறதுன்னு தெருவுல நின்னு கேட்டானாம். அதுக்கப்புறம் சாகுற வரைக்கும் சித்தி முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டுத்தான் நடமாடுனா. இன்னைக்கு எனக்கு அந்தச் சித்தியோட மூஞ்சி ஞாபகம் இல்ல. முந்தானைதான் ஞாபகம் இருக்கு.

அந்த பயம் எனக்கு. எங்க வீட்டுக்காரருக்கு இது தெரியக் கூடாது. தெரிஞ்சா ஒண்ணும் சொல்ல மாட்டாரு, அவரு சத்தம் போடுற ஆளு இல்ல. ஆனா ஒரு பார்வை பாப்பாருல்ல. அந்த ஒரு பார்வையைப் பாத்துட்டு நான் உயிரோட இருக்க மாட்டேன்.

அவருக்கு எப்படித் தெரியாமப் போச்சுன்னா கேக்குறீங்க? நீங்க அவரைப் பாத்ததில்ல. மளிகைக் கடைக்காரரும்மா. காலையில ஆறரைக்குக் கடை திறந்தா, கடுகு, மிளகு, வெந்தயம். அதைத் தவிர உலகத்துல எதுவும் அவரு கண்ணுக்குத் தெரியாது. நான் புதுச் சேலை கட்டினா, இது எப்ப எடுத்ததுன்னு ரெண்டு வருஷம் கழிச்சுக் கேப்பாரு. அப்படி ஒரு மனுஷன். மிஷினை நான் சீயக்காய் டப்பாவுல, தூளுக்குள்ள புதைச்சு வச்சிருப்பேன். ஆம்பளை கை அந்த டப்பாவுக்கு எதுக்கு வரப்போகுது?

சத்தமா? ஆமா, அது வண்டு மாதிரி கத்தும். அதுக்கும் வழி இருந்துச்சு. செவ்வாயும் வெள்ளியும் நான் எண்ணெய் தேய்ச்சுக் குளிக்கிறதுன்னு வச்சிருக்கேன். அந்த நேரம் பாத்து இவரு தண்ணி மோட்டாரைப் போட்டு விடுவாரு. எங்க வீட்டு மோட்டார் பழசு, அது ஓடினா தெருவே அதிரும். அந்தச் சத்தத்துல நான் என் வேலையை முடிச்சுடுவேன். அந்த மோட்டாருக்காக நான் அவரை எவ்வளவு வஞ்சிருக்கேன் தெரியுமா? டேங்க் நிறைஞ்சு மாடியில வழியும், அப்பவும் போட்டுட்டு உக்காந்திருப்பாரு. என்னங்க, டேங்க்தான் நிறைஞ்சு கிடக்கேன்னு கேட்டா, அப்படியா, பாக்கலையேம்பாரு. பத்து வருஷமா இதே கதை. ஒரு டேங்க் நிறைஞ்சிருக்கா இல்லையான்னு தெரியாத மனுஷனுக்கு என் நாடி எங்க தெரியப் போகுது, சொல்லுங்க.

என்ன கூப்பிட்டாங்க? பத்தொம்போதா? சரி, நேரம் இருக்கு.

இந்தக் கப்பல் வினை எப்படி வந்துச்சுன்னா, மசாலா கம்பெனிக்காரங்க. இவரு இருபத்தாறு வருஷமா அவங்க சரக்கை எடுத்து விக்கிறாரு. இந்த வருஷம் எங்க ஜில்லாவுலயே இவருதான் முதலாவதா வந்தாரு. நாப்பது டீலரையும் சம்சாரத்தோட கப்பல்ல ஏத்தி, நாலு நாள் டூர். கரைக்கு வர்றதுக்கு முந்தின நாள் சாயங்காலம் மேடை போட்டு, முதலாளி கையால இவருக்கு ஷீல்டு. ஜோடியா நின்னு வாங்கணும். அந்தப் போட்டோவைத்தான் அடுத்த வருஷக் காலண்டர்ல போடுவாங்களாம். அதைக் கேட்டதுல இருந்து மனுஷன் தரையில நடக்கல. கடையில எந்த இடத்துல அந்தக் காலண்டரை மாட்டணும்னு ஒரு மாசம் முன்னாடியே ஆணி அடிச்சு வச்சுட்டாரு. ஏற்கெனவே நல்லாத்தான் ஷேவ் பண்ணுவாரு, தினமும். அந்த ஒரு மாசமும் ரெண்டு வேளை ஷேவ் பண்ணினாரு.

கிளம்புற அவசரத்துல செவ்வாய்க்கிழமை என் வேலையை நான் செய்ய முடியல. சரி, கப்பல்ல போயி செஞ்சுக்கலாம்னு டப்பாவை அப்படியே பெட்டிக்குள்ள வச்சேன். அங்கதான் புத்தி கெட்டுப் போனேன். மிஷினைத் தனியாப் பையில போட்டிருந்தா ஒருத்தனும் கேட்டிருக்க மாட்டான். ஷேவ் பண்ற மிஷின், முடி வெட்டுற மிஷின், இதெல்லாம் தாராளமாக் கொண்டு போகலாம், சூடாகுற சாமானுக்குத்தான் தடைன்னு கம்பெனி மேனேஜர் எட்வின் அப்புறமா எல்லாருக்கும் விளக்கிச் சொன்னாரு. எனக்கு யாரு முன்னாடியே சொன்னா? எவர்சில்வர் டப்பா, உள்ள பழுப்பா ஒரு தூளு, தூளுக்குள்ள வயரு சுத்தின ஒரு மிஷின். பெட்டியை டிவியில போட்டுப் பாக்குறவனுக்கு அது எப்படித் தெரிஞ்சிருக்கும், நீங்களே சொல்லுங்க. வெடிகுண்டுன்னு நினைச்சு போலீஸைக் கூப்பிடாம விட்டானே, அதுவே பெருசு.

சாயங்காலம் பெட்டி ரூமுக்கு வந்துச்சு. டப்பா இல்ல. பெட்டி மேல ஒரு சீட்டு. எங்க வீட்டுக்காரர் கட்டில்ல அந்தச் சீட்டுக்குப் பக்கத்துலயே கண்ணாடியைப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்காரு. எனக்கு உசிரே போச்சு. நல்லவேளை, அவரு எதையும் படிக்கிற வழக்கம் இல்ல. நான் சீட்டைப் பிடுங்கி ஜாக்கெட்டுக்குள்ள வச்சுக்கிட்டேன். கொஞ்ச நேரம் கழிச்சு, கப்பலைச் சுத்திப் பாத்துட்டு வர்றேன்னு கிளம்பினாரு. ஒண்ணரை மணி நேரம் ஆளைக் காணோம். முதல் நாளு, புது இடம், பொண்டாட்டி தனியா இருக்காளேன்னு ஒரு நினைப்பு வேண்டாம்? திரும்பி வந்தப்ப மூஞ்சி தொங்கிப் போயிருந்துச்சு. என்ன பாத்தீங்கன்னு கேட்டேன். கப்பல் ரொம்பப் பெருசு, யாரும் சொன்னாக் கேக்க மாட்டேங்கிறாங்கன்னாரு. கப்பலைச் சுத்திப் பாக்குறதுக்கும் யாரும் சொல்லிக் கேக்குறதுக்கும் என்ன சம்பந்தம்? அப்படித்தான் பேசுவாரு, தலையும் இருக்காது வாலும் இருக்காது.

அந்த ரூமை நீங்க பாக்கணும். ரெண்டு எட்டு வச்சா இந்தச் செவுரு, ரெண்டு எட்டு வச்சா அந்தச் செவுரு. விடிஞ்சது தெரியாது, பொழுது போனது தெரியாது. பாத்ரூம் நம்ம ஊரு பீரோ அளவு. அதுல கண்ணாடியைச் சுத்தி பல்பு, போதாததுக்கு மூஞ்சியைப் பெருசாக் காட்டுற வட்டக் கண்ணாடி வேற. அதுல என் நாடியைப் பாத்தேன். அறுவடை முடிஞ்ச வயல் மாதிரி குத்திக்கிட்டு நிக்குது. கதவுக்கு வெளிய போனா நாப்பது டீலர் சம்சாரங்க. கதவுக்கு உள்ள இருந்தா இவரு. நான் எங்கம்மா போறது? சுத்தித் தண்ணி.

மறுநாள் காலையில பல்வலின்னு சொல்லி முந்தானையால தாடையைச் சுத்திக்கிட்டேன். சித்தி மாதிரியே. எட்வின் வந்து, கப்பல்லயே டாக்டர் இருக்காரு, கூட்டிட்டுப் போறேன்னாரு. எங்க வீட்டுக்காரர் என்ன பண்ணினாரு தெரியுமா? டாக்டரெல்லாம் வேண்டாம், கிராம்பு வச்சா சரியாப் போகும்னு கதவைச் சாத்திட்டாரு. எனக்குப் பொய் வலிதான், டாக்டர் வந்தா மாட்டிக்குவேன்தான். ஆனா அது அவருக்குத் தெரியாதுல்ல? அவரைப் பொறுத்த வரைக்கும் பொண்டாட்டிக்கு நிஜமாவே பல்வலி. டாக்டரைக் காட்டாம கிராம்பை எடுத்து நீட்டுறாரு. அதை நினைச்சா எனக்கு இன்னும் ஆறல. அப்புறம் என்ன நினைச்சாரோ, கப்பல் கடைக்குப் போயி இந்தச் சால்வையை வாங்கிட்டு வந்தாரு. ஏசி காத்து பல்லுக்கு ஆகாதாம், கழுத்தோட சேத்து நல்லாச் சுத்திக்கோன்னாரு. சித்திரை மாசத்துல கம்பளிச் சால்வை. நீங்களே பாருங்க, எனக்கு எப்படி வேர்க்குதுன்னு.

அதோட விட்டாரா? அன்னைக்குக் குளிச்சுட்டு வந்தவரு, ஷேவ் பண்ற ரேசரையும் பிரிக்காத பிளேடு பாக்கெட்டையும் பாத்ரூம்ல, என் சோப்பு வைக்கிற பக்கத்துல வச்சுட்டு வந்துட்டாரு. என்னங்க, சாமானை எடுத்த இடத்துல வைக்க மாட்டீங்களான்னு கேட்டேன். இருக்கட்டும், நான் இந்த நாலு நாளும் ஷேவ் பண்ணப் போறது இல்ல, லீவுதானேன்னாரு. சொல்லிட்டு, ஒரு மணி நேரம் மேல போயிக் காத்து வாங்கிட்டு வர்றேன், மெதுவாவே வர்றேன்னு போயிட்டாரு. ஒரு மாசமா ரெண்டு வேளை ஷேவ் பண்ணின மனுஷன், முதலாளி முன்னாடி நிக்கிற நேரத்துல தாடி வளக்குறாரு. நான் என்ன செய்ய?

ஆமாம்மா, பாத்தேன். அந்த பிளேடைப் பாத்துக்கிட்டு நின்னேன். கையில கூட எடுத்தேன். ஆனா பிளேடு வச்சா ஆம்பளைக்கு முளைக்கிற மாதிரி கறுகறுன்னு முளைக்கும்னு எங்க அம்மா சொல்லியே வளத்தா. சித்தி அதைத்தான் செஞ்சாளாம், அதுல இருந்துதான் கெட்டதாம். தவிர, புது பாக்கெட்டைப் பிரிச்சா அவருக்குத் தெரிஞ்சிடாதா? எடுத்த இடத்துலயே வச்சுட்டேன். அவரு வந்தாரு. பாக்கெட்டைக் கையில எடுத்து, திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, ஒரு பெருமூச்சு விட்டாரு. எதுக்குப் பெருமூச்சுன்னு எனக்கென்ன தெரியும்.

மூணாவது நாள் துணிஞ்சு அந்தச் சீட்டை எடுத்துக்கிட்டு செக்யூரிட்டி இருக்கிற இடத்துக்குப் போனேன். பாதி வழியிலேயே சத்தம் கேக்குது. திருமங்கலம் டீலர் சம்சாரம் வேலம்மாள், அயர்ன் பாக்ஸைக் குடுத்தாத்தான் ஆச்சுன்னு மல்லுக்கு நிக்கிறா. மேசை மேல ஒவ்வொருத்தர் சாமானையும் பிரிச்சு வச்சு, இது எதுக்கு, அது எதுக்குன்னு கேக்குறாங்க. என் மிஷினை வேலம்மாள் முன்னாடி பிரிச்சா, கப்பல் கரைக்கு வர்றதுக்கு முன்னாடி சேதி அருப்புக்கோட்டைக்குப் போயிடும். அப்படியே திரும்பி வந்துட்டேன்.

இருங்க, எத்தனை? இருபத்தெட்டா. எவ்வளவு மெதுவாக் கூப்பிடுறாங்க பாருங்க.

அன்னைக்குச் சாயங்காலம்தான் ஷீல்டு. நான் பட்டுச் சேலை கட்டி, அது மேல இந்தச் சால்வையைச் சுத்தி, மேக்கப் போட்ட பூச்சாண்டி மாதிரி நிக்கிறேன். மேடையில லைட்டு எப்படி இருக்கும்னு மத்தியானமே பாத்துட்டு வந்திருந்தேன். வெயில் மாதிரி அடிக்குது. சால்வையை எடுங்கன்னு போட்டோக்காரன் சொல்லுவான். சொல்லாம இருப்பானா? ஆனாலும் போகணும்னு முடிவு பண்ணிட்டேன்மா. இருபத்தாறு வருஷம் அந்த மனுஷன் காத்துக்கிட்டு இருந்த போட்டோ. என் மூஞ்சிக்காக அவரு போட்டோ கெட்டுப் போகக் கூடாது. தலையைக் குனிஞ்சுக்கிட்டு நின்னுடலாம்னு நினைச்சேன்.

வாங்க போகலாம்னு திரும்பிப் பாக்குறேன். இவரு கட்டில்ல சுருண்டு படுத்திருக்காரு. வயித்து வலியாம். எழுந்திரிக்கவே முடியலையாம். எட்வின் வந்து கெஞ்சுறாரு, முதலாளி காத்துக்கிட்டு இருக்காருங்கிறாரு. ரெண்டே நிமிஷம், பிடிச்சுக் கூட்டிட்டுப் போறோம்னு சொல்லிப் பாக்குறாரு. ஷீல்டை ஊருக்கு அனுப்பி வச்சிடுங்க தம்பின்னு சொல்லிட்டுத் திரும்பிப் படுத்துக்கிட்டாரு. அப்புறம் லைட்டைப் பாத்தா குமட்டுதுன்னு லைட்டையும் அணைக்கச் சொன்னாரு. இருட்டுல ரெண்டு பேரும் உக்காந்திருக்கோம். எங்கயோ மேல கைதட்டுற சத்தம் கேக்குது.

எனக்கு ஒரு பக்கம் தப்பிச்சோம்னு இருந்துச்சு, இன்னொரு பக்கம் அழுகையா வந்துச்சு. ஏங்க இப்படிப் பண்ணிட்டீங்க, ஆணி எல்லாம் அடிச்சு வச்சிருந்தீங்களேன்னு கேட்டேன். அதுக்கு அவரு சொன்னாரு, "ஆணியில நம்ம கல்யாணப் போட்டோவை மாட்டிக்கலாம் ரத்தினம். அதுல நாம ரெண்டு பேரும் நல்லாத்தான் இருக்கோம்."

கேட்டீங்களா பேச்சை? மளிகைக் கடையில யாராச்சும் கல்யாணப் போட்டோவை மாட்டுவாங்களா? அதுவும் பரவாயில்லம்மா. எட்டு மணிக்கு ரூமுக்குச் சாப்பாடு வந்துச்சு. வயித்து வலிக்காரரு ரெண்டு தட்டு தயிர்சாதம் சாப்பிட்டாரு, ஊறுகாயோட. அப்பவே எனக்குப் புரிஞ்சுபோச்சு, இது வலி இல்ல, மேடைப் பயம். கூட்டத்தைப் பாத்துப் பயந்துட்டாரு. சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு வயித்து மேல பழியைப் போட்டுட்டாரு. நான் அதைக் கேட்டு அவமானப்படுத்தல. நமக்கும்தான் ஒரு மறைவு இருக்கே.

முப்பத்தொம்போது. என் நம்பர்தானே அது? இந்தப் பெட்டியைக் கொஞ்சம் பாத்துக்கோங்கம்மா. அவரு வந்தா, பாத்ரூம் போயிருக்கேன்னு சொல்லுங்க.

இல்லம்மா. இல்லையாம்.

குடுத்தாச்சுங்கிறான். சீட்டைக் காமிச்சா, நோட்டைக் காமிச்சு, குடுத்தாச்சு, காலையிலேயே குடுத்தாச்சுன்னு கையை ஆட்டுறான். யார்கிட்டக் குடுத்தேன்னு கேக்க எனக்கு பாஷை வரல. பின்னாடி வேலம்மாள் வேற நிக்கிறா. எவளோ தூக்கிட்டுப் போயிட்டா. இன்னேரம் டப்பாவைத் திறந்து பாத்துச் சிரிச்சுக்கிட்டு இருப்பா. ரூம் நம்பர் எழுதி ஒட்டியிருக்கு அதுல. நான் என்னம்மா செய்வேன்? ஊருல எப்படித் தலையைக் காட்டுவேன்?

பெட்டியிலயா? பெட்டியில எப்படி இருக்கும்? காலையில பெட்டியைக் கட்டினது இவருதான். மளிகைக் கடைக்காரருல்ல, கட்டுற வேலையை யாருக்கும் விட்டுக் குடுக்க மாட்டாரு. சரி, நீங்க சொல்றீங்களேன்னு பாக்குறேன். இருங்க, ஜிப்பு சிக்குது.

இருக்கு.

டப்பா இருக்கும்மா. எப்பவும் நான் வைக்கிற அதே இடத்துல, பாவாடைகளுக்கு அடியில இருக்கு. கப்பல்காரங்க நேர்மையைப் பாத்தீங்களா? பெட்டியைத் தேடி வந்து உள்ள வச்சுட்டுப் போயிருக்காங்க. தூளெல்லாம் அப்படியே இருக்கு. உள்ள மிஷினு. அதையும் காகிதத்துல மடிச்சு, தூளு படாம, பொட்டலமா...

இந்தக் காகிதம் கப்பல்ல தினமும் காலையில கதவுக்கு அடியில போடுற காகிதம். இந்த மடிப்பு...

ஒண்ணுமில்லம்மா. மடிப்பைப் பாத்தேன். நூலு இல்லாம மடிச்சிருக்கு. வாய்ப்பக்கம் ரெண்டு மடி, அப்புறம் ஒரு மூலையை உள்ள சொருகி, மறு மூலையை அது மேல. எத்தனை உயரத்துல இருந்து போட்டாலும் பிரியாது. எங்க ஊருல இப்படி மடிக்கிறவங்க இப்ப யாரும் இல்ல, எல்லாம் கவர்தான். எங்க கடையில மட்டும்தான் கிராம்பு, ஏலக்காய்க்கு இன்னும் இந்தப் பொட்டலம்.

தண்ணியெல்லாம் வேண்டாம்மா. நல்லாத்தான் இருக்கேன்.

டேங்க் நிறைஞ்சு மாடியில வழிஞ்சு, செவுத்துல பாசி பிடிச்சுக் கிடக்கு. தெருக்காரங்க எல்லாம் கேக்குறாங்க. பத்து வருஷமா செவ்வாயும் வெள்ளியும் அந்த மனுஷன் என்கிட்ட வசவு வாங்கிக்கிட்டு, மோட்டாருக்குப் பக்கத்துல உக்காந்து...

இல்ல. கப்பல்காரங்கதான் மடிச்சிருப்பாங்க. அவங்கள்ல யாரோ நம்ம ஊருக்காரரு இருப்பாரு. அப்படித்தான் இருக்கணும்.

அந்த இருமல் சத்தம் கேக்குதா? தூணுக்கு அந்தப் பக்கம். அவருதான். வீட்டுல ரூம் கதவைத் திறக்குறதுக்கு முன்னாடியும் இதே மாதிரிதான், ரெண்டு இருமல் இருமிட்டுத்தான் உள்ள வருவாரு. மதுரையில மூணு டாக்டர்கிட்டக் காமிச்சுட்டேன். நெஞ்சுல ஒரு கோளாறும் இல்லைன்னுட்டாங்க. கடையில இருக்கிறப்ப இருமவே மாட்டாரு.

டப்பாவை உள்ள வச்சுட்டேன். பெட்டியை மூடியாச்சு. நீங்க எதுவும் கேட்ட மாதிரிக் காட்டிக்காதீங்கம்மா. அவருக்கு ஒண்ணும் தெரியாது. இத்தனை வருஷம் ஒண்ணும் தெரியாமயே இருந்துட்டாரு, பாவம், எவ்வளவு சிரமப்பட்டுத் தெரியாம இருந்திருக்காரு. இனிமேலும் அப்படியே இருக்கட்டும். நான் காட்டிக் குடுக்க மாட்டேன்.

வர்றாரு பாருங்க, அந்த நரைச்ச தாடிதான். இந்தச் சால்வையைக் கொஞ்சம் பிடிங்க. எடுத்துடுறேன். ரொம்ப வேர்க்குதும்மா, அதான்.